பூனைக்கு மடி, நாய்க்குக் கல்லா?



கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள்கள் இருந்தபோது கொடும்பாளூரில் என் சகோதரியின் வீட்டில் ஒரு பூனை இறந்தது. பூனை இறந்த கதையை ஒரு கட்டுரையாக எழுதுவதா என்று பலமுறை தயங்கினேன். ஆனால் அன்றிரவு அந்த வீட்டு முற்றத்தில் பேசப்பட்டவையும், அவற்றைக் கேட்டுக்கொண்டு நான் வாய் மூடி அமர்ந்திருந்ததும் இன்றுவரை உறுத்துகின்றன.

கொடும்பாளூரை மூவர் கோயில் வழியாகவே வெளியூரார் அறிவர். திருச்சி மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் வரும் வறண்ட பூமி. மழை பொய்த்தால் வயலைக் காட்டிலும் ஆடுதான் சோறு போடும். என் மைத்துனரும் இருபது, முப்பது ஆடுகள் வைத்திருக்கிறார். பட்டிக்குக் காவலாகக் கன்னி இனக் கலப்பில் பிறந்த ஒரு நாய் உண்டு. வீட்டினுள் சாம்பல் நிறப் பூனை ஒன்று. என் சகோதரி மகளின் செல்லம். நாய் பட்டியோடும் பூனை அடுக்களையோடும் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக அவற்றுக்கிடையே ஒரு சண்டையும் நடந்ததில்லை.

அன்று மஃரிபுக்குச் சற்று முன்பு, பெருநாளுக்கு வாங்கிய கிடாக்களைப் பார்க்க வந்த சிறுவர்கள் சிலர், மதில் ஓரமாக நடந்துபோன பூனையைக் காட்டி நாய்க்குச் ‘சூ’ காட்டினார்கள். விளையாட்டுதான். பூனை மிரண்டு ஓடியது. ஓடியதைக் கண்ட நாய் துரத்தியது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையின் அழுகுரல் கேட்டு நாங்கள் தொழுகை விரிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம்.

இரவு முற்றத்தில் பேச்சு எழுந்தது. “இறைச்சியில் மருந்து வைத்துக் கொடுத்துவிடுவோம்” என்றார் ஒருவர். “நஜீஸான பிராணிதானே, வீட்டில் இருப்பதே பரக்கத் இல்லை” என்றார் இன்னொருவர். எவரும் மறுக்கவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. மறுநாள் சுப்ஹுக்குப் பின், துக்கம் விசாரிக்க வந்தவர் போல வந்து அமர்ந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் செய்தியைச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “சூ காட்டியது யார், நாயா?”

விலங்குகளை ஒன்றோடொன்று மூட்டிவிடுவதற்கு அரபியில் ‘தஹ்ரீஷ்’ என்று பெயர். அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் வரிசை குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் சேவல் சண்டை, கிடாச் சண்டை போன்றவற்றைச் சட்ட அறிஞர்கள் தடுக்கப்பட்டவையாகவே எழுதியுள்ளனர். நாய்க்குப் பூனையைக் காட்டி ‘சூ’ என்பது அதே செயல்தான். அதை மத்ரஸாவுக்குப் போகும் நம் பிள்ளைகள் செய்கிறார்கள். திண்ணையில் அமர்ந்திருக்கும் நாம் சிரிக்கிறோம்.

நம் வீடுகளில் பூனைக்கு உரிய கதைகள் ஏராளம். பூனைக்குட்டியோடு விளையாடியதால் அபூஹுரைரா என்று பெயர் பெற்ற நபித்தோழரை அறியாத பிள்ளை இல்லை. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தியை என் நன்னி கண்ணீரோடு சொல்வார். அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா உளூச் செய்யத் தண்ணீர் வைத்தபோது பூனை ஒன்று குடிக்க வர, அவர் பாத்திரத்தையே சாய்த்துப் பிடித்தார். மருமகள் வியந்து பார்த்ததும், பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துரைத்தார். எத்தனை அழகான குடும்பக் காட்சி! மம்லூக் சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் பூனைகளுக்கென ஒரு தோட்டத்தையே வக்ஃபு செய்தார் என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கொருமுறை சுற்றி வருகிறது.

நாயின் கதைகளோ நம் நாவில் வருவதில்லை. வெள்ளிதோறும் சூரத்துல் கஹ்ஃப் ஓதும் வீடுகள் நம்முடையவை. குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அந்த நாயை அல்லாஹ் 18ஆவது வசனத்தில் குறிப்பிடுகிறான். 22ஆவது வசனத்தில், குகைவாசிகள் எத்தனை பேர் என்று மக்கள் வாதிடும்போது ஒவ்வொரு கணக்கிலும் நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது. ஓதுகிறோம், கடந்து போகிறோம். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்த மனிதருக்கு மன்னிப்புக் கிடைத்தது. அதைக் கேட்ட தோழர்கள், விலங்குகள் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டா என்று வியந்தார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்ற பொருளில் பதில் வந்தது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன என்றும், அதற்காகத் தண்ணீர் தெளிக்கப்படவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியிலேயே இருக்கிறது. மக்கா வெற்றிக்காகப் படை சென்ற வழியில், குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெட்டை நாயை எவரும் தொந்தரவு செய்யாதபடி நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழரைக் காவலுக்கு நிறுத்தியதாக வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதியுள்ளார். ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்ற பாதையில் ஒரு நாய்க்குக் காவல்!

நஜீஸ் பற்றிய சட்டத்தை நான் மழுப்ப வரவில்லை. கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் சகோதரர்களுக்கு நாயின் உடல் முழுவதுமே நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். எங்கள் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீக்கள். நாயின் உமிழ்நீர் நஜீஸ், உலர்ந்த ரோமம் பட்டால் தொழுகைக்குக் குற்றமில்லை என்பதே எங்களுக்குச் சொல்லப்பட்ட சட்டம். மாலிக்கீ மத்ஹபிலோ நாய் தூய்மையான உயிர். பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது ஒரு வணக்கமாக மட்டுமே கொள்ளப்படுகிறது. கடலோர ஊரில் பெண் எடுத்த வீட்டில், நாய் உரசிய கைலியை எத்தனை முறை அலசுவது என்று மாமியாரும் மருமகளும் தர்க்கித்ததை நானே கேட்டிருக்கிறேன். இருவரிடமும் நியாயம் இருந்தது.

ஆனால் இந்தச் சட்டங்களில் எதுவும் கல்லெடுக்கச் சொல்லவில்லை. நஜீஸ் என்பது தொழுகைக்காக நாம் கடைப்பிடிக்கும் தூய்மை விதி. அந்த உயிரின் மீது சுமத்தப்பட்ட குற்றம் அன்று. நம் உடலிலிருந்து வழியும் இரத்தமும் நஜீஸ்தானே. வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகளுக்கு நாய் வளர்க்க மார்க்கத்தில் தெளிவான அனுமதியும் உண்டு. தேவையின்றி வளர்ப்பதால் நன்மை குறையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. என் மைத்துனரின் நாய் அனுமதிக்குள் வரும் நாய். அதற்கு விஷம் வைப்பதோ பாவம்; இந்நாட்டுச் சட்டத்தின்படி குற்றமும்கூட. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, விலங்கைக் கொல்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு.

சரி, சாகடிக்க வேண்டாம். ஒரே வளாகத்தில் இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது? இதற்கு விடை தேடியபோதுதான் எங்கள் தவறு சிறுவர்களின் ‘சூ’வோடு முடியவில்லை என்று புரிந்தது. இரண்டாண்டுச் சமாதானத்தை நாங்கள் நட்பு என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அது, நாய் ஒரு பக்கமும் பூனை மறு பக்கமும் இருந்ததால் கிடைத்த தற்செயலான அமைதி.

கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் வேட்டைக்கென்று தென்மாவட்டங்களில் வளர்த்தெடுக்கப்பட்டவை. ஓடும் சிறு உருவத்தைக் கண்ணால் கண்டதும் துரத்துவது அவற்றின் குருதியில் ஊறியது. பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட ராஜபாளையமும் இளைத்ததன்று. படுத்துக் கிடக்கும் பூனையை ஏறிட்டும் பார்க்காத நாய், அதே பூனை ஓடும்போது அதை முயலாகவே காணும். அதில் பகையும் இல்லை, துரோகமும் இல்லை. எனவே இத்தகைய நாய்களையும் பூனையையும் ஆள் இல்லாத நேரத்தில், எத்தனை ஆண்டுகள் பழகியிருந்தாலும், ஒன்றாக விடக்கூடாது. வெளியே போகும்போது ஒன்றைக் கட்டியோ அடைத்தோ வைப்பதே அமானிதத்தைப் பேணுவது.

இரண்டின் பேச்சு மொழியும் வேறு. நாய் வாலை இலகுவாக ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். நாய் முன்னுடலைத் தாழ்த்தி விளையாட அழைக்கும். பூனைக்கு அது பாயப் போவதாகத் தெரியும். குட்டிப் பருவத்திலேயே பழகினால் ஒன்றின் மொழி மற்றதற்குக் கொஞ்சம் புரியும். நாய்க்குட்டிக்கு அந்தப் பருவம் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் வரை. பூனைக்குட்டிக்கு இன்னும் குறைவு: இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. வளர்ந்த பின்பு பழக்குவது முடியாததன்று, பொறுமைதான் வேண்டும். முதலில் முகத்தைக் காட்டாமல் வாடையை மட்டும் பழக்க வேண்டும். பூனை படுத்த துணியை நாயிடமும் நாய் படுத்த சாக்கைப் பூனை உலவும் இடத்திலும் சில நாள்கள் போட்டுவைக்க வேண்டும். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்து, தொலைவிலிருந்து காட்ட வேண்டும். நாய் உடலை விறைத்து, வாயை மூடி, இமைக்காமல் பூனையையே உற்றுப் பார்க்குமானால் அன்றைய பாடம் அத்தோடு போதும். பார்வையைத் திருப்பி நம்மைப் பார்த்தால் ஒரு துண்டு இறைச்சியைக் கொடுக்கலாம். அவசரப்பட்டுப் பூனையைக் கையில் தூக்கிக்கொண்டுபோய் நாயின் முகத்தருகே காட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது மூன்று பேருக்கும் ஆபத்து. பூனையின் நகம் நாயின் கண்ணைக் கிழிக்கும், நம் கையையும் கிழிக்கும்.

பூனைக்கு உயரம் வேண்டும். நாய் எட்ட முடியாத பரண், அலமாரி மேல்தட்டு, மதில் என்று ஓடி ஏற ஓரிடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். எங்கள் பூனை இறந்த இடத்தில் மதில் பூசப்பட்டு வழுவழுப்பாக இருந்தது. பெருநாளுக்காக நாங்களே பூசியது. அதன் நகத்துக்குப் பிடி கிடைக்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டு இரண்டுக்கும் தனித்தனி, இடமும் தனித்தனி. இங்கே ஒன்றைக் கவனித்தேன். நாயை வாசலுக்கு வெளியே வை, அதன் பாத்திரத்தை நம் பாத்திரங்களோடு சேர்க்காதே, தொழும் இடத்திலிருந்து விலக்கு என்று தூய்மைக்காக நாம் செய்யும் ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்தாலே பூனையின் பாதுகாப்பில் பாதி வந்துவிடுகிறது. நம் பிரச்சினை, ஏற்பாட்டைச் செய்யாமல் அருவருப்பை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது. நாய்க்கென்று ஒரு மண்சட்டிகூட ஒதுக்காமல் மிச்சத்தை முற்றத்தில் விசிறியடித்தால், நாயும் பூனையும் காக்கையும் அதே இடத்தில்தான் மோதிக்கொள்ளும்.

குர்பானி நாள்களில் இது தெருவுக்கே பொருந்தும். குடலையும் கழிவையும் தெருக்கோடியில் கொட்டினால், அந்தக் குவியலுக்கு அயல் தெரு நாய்களும் வந்து சேரும். பெருநாளுக்கு மறுநாள் காலையில் கடித்துக் குதறப்பட்ட பூனைகளைக் காண்பது தற்செயல் அன்று. இன்னொரு தீங்கும் உண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சிலசமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அவற்றைப் பச்சையாக நாய்க்குப் போட்டால், அதன் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்கிறது. அப்புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி, மண்ணில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் குழந்தையின் ஈரலிலும் அதே கட்டி வளரும். கட்டியுள்ள பகுதியை எறியாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். குர்பானித் தோலைச் சேகரிப்பதில் காட்டும் ஒழுங்கைக் குழி தோண்டுவதிலும் மஹல்லா ஜமாஅத்துகள் காட்டலாம்.

தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் நாடே பேசியது. டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 11ஆம் தேதி உத்தரவிட்டது. 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது. உணவளிப்பதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டுமே உணவளிக்க வேண்டும் என்றது. இரண்டாவது உத்தரவே சரி என்பது என் கருத்து. ஒட்டுமொத்தமாக அப்புறப்படுத்தும் வழியை முஸ்லிம் உலகமும் ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. இஸ்தான்புல் போய்வரும் நம் உறவினர்கள் அங்குள்ள பூனைகளின் படங்களை அனுப்புகிறார்களே, அந்நகரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் சோறு போட்டு வளர்த்த நாய்களும் இருந்தன. 1910இல் நகரை நவீனமாக்குகிறோம் என்று ஆட்சியாளர்கள் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மரா கடலில் நீரற்ற சிவ்ரிஆதா தீவில் விட்டனர். அவை பசியிலும் தாகத்திலும் மடிந்தன. ஊளை கரைவரை கேட்டதாகச் சொல்வார்கள். பூனையைக் கட்டிப்போட்டுக் கொன்ற பெண்ணின் செய்தியை அறிந்த ஒரு நகரத்தில் அது நடந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ மரணம் உறுதி. ஆகவே வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதில் சமாதானமே கூடாது, பூனைக்கும்தான். பூனை பிறாண்டினால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம் பெண்களிடம் வேரூன்றியிருக்கிறது. வெறிநோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து நமக்கும் வரும். நாயும் பூனையும் சண்டையிடும்போது விலக்கப் போய்க் கடிபடுகிறவர்களும் உண்டு. அப்போது கையை நுழைக்காமல் வாளித் தண்ணீரை வீசுவதே நல்லது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். தவணையை இடையில் நிறுத்தக்கூடாது.

மண்ணில் வெறிநோய்க் கிருமியை அழிக்கும் மருந்து இருப்பதை ஹதீஸ் அன்றே சொல்லிவிட்டது என்று சில சொற்பொழிவுகளில் கேட்கிறேன். நாய் வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவும் முறையை நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள், கட்டுப்படுகிறோம். அதற்கு ஆய்வகச் சான்றிதழ் தேவையில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரேனும் கடிவாயில் மண்ணைப் பூசினால் அந்த உயிருக்கு யார் பொறுப்பு? கடிவாயில் மண்ணும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம்.

எங்கள் வீட்டு நாய் உயிரோடுதான் இருக்கிறது. ஹஜ்ரத் எழுந்து போனபின் விஷத்தைப் பற்றி எவரும் மீண்டும் பேசவில்லை. ‘சூ’ காட்டிய சிறுவர்களை மைத்துனர் அடிக்கவில்லை. பெருநாள் முடியும்வரை கிடாக்களுக்குத் தழை ஒடித்துப்போடச் சொன்னார். நாயின் சட்டிக்குத் தண்ணீர் நிரப்புவதும் அவர்கள் வேலை. முதல் நாள் தொலைவிலிருந்தே ஊற்றிவிட்டு ஓடினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, என் சகோதரி மகளுக்கு யாரோ ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சகோதரி மறுத்தாள்; குழந்தை பிடிவாதம் பிடித்தாள். இப்போது அடுக்களைக்கு மேல் பரண் பலகை ஒன்று அடித்திருக்கிறோம். மதிலில் ஒரு பக்கம் பூச்சைக் கொத்திவிட்டு, ஏறுவதற்குச் சாக்குச் சுற்றிய கட்டை ஒன்றைச் சாய்த்திருக்கிறார் மைத்துனர். அஸருக்குப் பின் தினமும் பத்து நிமிடம் நாயைக் கயிற்றில் பிடித்து முற்றத்தில் உட்கார வைக்கிறோம். குட்டி பலகையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. நாய் இன்னும் உடலை விறைக்கிறது. சென்ற வாரம் நான் போயிருந்தபோது இருமுறை மட்டும் பார்வையைத் திருப்பி மைத்துனரைப் பார்த்தது. குட்டி கீழே இறங்கவில்லை. இறக்கிவிடட்டுமா என்று குழந்தை கேட்டாள். இன்னும் நாளாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.